கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தம்பி!

நான் பி.காம். கலைக்கும் எனக்கும் உள்ள உறவு, பேலன்ஸ் ஷீட்டில் கடைசியாக வருகிற 'இதர இனங்கள்' மாதிரி. இருக்கிறது என்று காட்டிக்கொள்ளலாம். நோண்டிக் கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

ஓவியக் கண்காட்சிக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தலையை இடது பக்கம் பதினைந்து டிகிரி சாய்க்க வேண்டும். 'ம்...' என்று ஒரு சத்தம். அதே படத்தை இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு இன்னொரு 'ம்...'. விஷயம் தெரிந்தவர் என்று பக்கத்தில் நிற்பவர் ஒதுங்கி வழிவிடுவார்.

இந்த வித்தை ஓமலூர்க்காரனான எனக்கு, ஓமலூருக்குப் பக்கத்திலேயே பலிக்காமல் போன கதைதான் இது.

சென்னையில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் கல்யாணத்துக்காக ஓமலூர் வந்திருந்தான். முகூர்த்தம் ஏழரைக்கே முடிந்துவிட்டது. ரயிலோ சாயங்காலம். "பக்கத்துல பார்க்கறதுக்கு என்னடா இருக்கு?" என்றான். யோசிக்காமல் தாரமங்கலம் பஸ்ஸில் ஏற்றினேன். தறிச் சத்தம் கேட்கிற தெருக்களைத் தாண்டி, கைலாசநாதர் கோயில் வாசலில் போய் நின்றோம்.

உள்ளே நுழைந்த பதினோராவது நிமிடத்தில் நண்பன் வெளியேறத் தயாராகிவிட்டான். செல்போனில் நாற்பத்து மூன்று போட்டோ. அதில் இருபது அவன் முகம்.

"சூப்பர்டா! அடுத்து எங்கே? ஆமா, இங்கே என்ன ஸ்பெஷல்?"

காது குத்திய நாளிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். "யாளி வாய்க்குள்ள ஒரு கல் குண்டு இருக்கு. உருட்டினா உருளும், வெளியே வராது" என்றேன். "அப்புறம்?" என்றான். அப்புறம் என்னிடம் சரக்கு இல்லை. தலையை இடது பக்கம் சாய்த்து 'ம்...' என்றேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தம்பி. மறைக்கறீங்க."

திரும்பினேன். கதர்ச் சட்டை, மடியில் மஞ்சப்பை, எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களையா மறைச்சேன்? மன்னிச்சுக்குங்க."

"என்னை இல்லீங்க. ராமரு அந்தத் தூணிலேர்ந்து வாலியப் பாத்துட்டிருக்காரு. நடுவுல நீங்க நிக்கிறீங்க."

நண்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக ராமருக்கும் வாலிக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறேன் என்று புரிந்தது!

27 விநாடி ரசிகர்கள்

பெரியவர் ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். நண்பனை ரயிலேற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு மாலை நான் தனியாகப் போனேன். மேற்கு பார்த்த கோயில் என்பதால் சாயங்கால வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து சாய்ந்து வரும். "சிலை பாக்க உச்சி வெயில் ஆகாது தம்பி. சாஞ்ச வெளிச்சத்துலதான் நிழல் விழும். நிழல் விழுந்தாத்தான் மேடு எது பள்ளம் எதுன்னு தெரியும்." இது முதல் பாடம். ஃபீஸ், ஒரு டீ.

நண்பனைக் குறை சொல்லவும் முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், வருகிறவர்கள் ஒரு படத்தின் முன் எத்தனை நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-ல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி! உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே அதுதான் கதி. நம் ஊர் டீக்கடையில் பாய்லர் முன்னால் இதைவிட அதிக நேரம் நிற்கிறோம்.

இதற்கு நேர்மாறாக, ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியை தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். அவரே காப்ளி என்பவர் 1765-ல் வரைந்த, அணில் வைத்திருக்கும் ஒரு பையனின் படத்தின் முன் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பையனின் காது வடிவமும் அணில் வயிற்றின் ரோம விளிம்பும் ஒரே மாதிரி இருப்பது அவர் கண்ணில் படவே ஒன்பது நிமிடம் ஆனதாம். படித்த பேராசிரியைக்கே ஒன்பது நிமிடம் என்றால், பி.காமுக்கு?

மூட்டையை எண்ணு!

"அந்தத் தூண்ல என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

"ராமர்."

"அது பேரு. நான் கேட்டது, என்ன தெரியுதுன்னு."

எனக்குச் சட்டென்று ஆடிட் ஞாபகம் வந்தது. ஜவ்வரிசி மில் ஒன்றுக்கு ஸ்டாக் சரிபார்க்கப் போனபோது சீனியர் சொன்ன முதல் விதி இதுதான். பில்லைப் பார்த்து ஸ்டாக் எழுதாதே, குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணு. சிலை விஷயத்தில் நாம் எல்லோரும் பில்லைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். பெயர் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

மறுபடி ஆரம்பித்தேன். ஒரு ஆண் உருவம். கையில் வில். உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது...

"பாதத்திலேர்ந்து வாங்க தம்பி. எல்லாரும் மொகத்துக்குத்தான் மொதல்ல போவாங்க. மொகம் சும்மா இருக்கும். பாரம் எந்தக் கால்ல இருக்குன்னு பாருங்க. ரெண்டு கால்லயும் சமமா இருந்தா சமபங்கம். கழுத்து, இடுப்பு, முழங்கால்னு மூணு எடத்துல வளைஞ்சா திரிபங்கம். நேரா நிக்கறவன் முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். வளைஞ்சு நிக்கறவன் இப்பத்தான் அசையறான்."

கோயிலில் அன்று நின்றிருந்த மனிதர்களையும் அப்படிப் பார்த்தேன். வேண்டுதல் உள்ளவர்கள் சமபங்கம். கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவிகள் திரிபங்கம்.

ரிவர்ஸ் என்ட்ரி கிடையாது

அடுத்த பாடம், எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்பது.

இந்தக் கோயில் இன்று நாம் பார்க்கிற பெரிய உருவத்தை அடைந்தது 17-ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் காலத்தில். உள்ளே கல்லில் சங்கிலி தொங்குகிறது. வளையம் வளையமாகச் செய்து கோத்ததில்லை. ஒரே கல்லை உள்ளேயும் வெளியேயும் குடைந்து, வளையங்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். யாளி வாய்க்குள் உருளும் குண்டும் வெளியிலிருந்து போட்டதல்ல. பற்களின் இடைவெளி வழியே உளியை விட்டு, உள்ளேயே உருட்டிச் செதுக்கியது. அதனால்தான் அது வெளியே வருவதில்லை.

எங்கள் கணக்கில் தப்பு வந்தால் ஒரு ரிவர்ஸ் என்ட்ரி போட்டுச் சரிக்கட்டிவிடலாம். கல்லில் ரிவர்ஸ் என்ட்ரி கிடையாது. கடைசி வளையத்தில் உளி ஒரு நூல் தவறினால் அத்தனை மாத வேலையும் போச்சு. இதை நினைத்துக்கொண்டு அந்தச் சங்கிலியைப் பாருங்கள். கண்ணுக்கு முன் கை நடுங்கும்.

அமெரிக்காவில் எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற கலை ஆசிரியர், ஒரு படைப்பைப் பார்க்க நாலு படி வைத்தார். முதலில் என்ன இருக்கிறது என்று சொல்வது. அடுத்து, அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது. பிறகு, என்ன சொல்லவருகிறது என்று யோசிப்பது. தீர்ப்பு கடைசியில்தான். நம் வழக்கம் எப்படி? முதல் விநாடியிலேயே 'சூப்பர்' அல்லது 'சுமார்'. மீதி மூன்று படியும் கேன்சல்!

வாலியின் இடம்

இப்போது ராமர் விஷயத்துக்கு வருகிறேன். தாரமங்கலத்தின் பேர்போன அதிசயம் இது. ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். இன்னொரு தூணில் வில்லோடு ராமர். ராமர் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். ரதி, மன்மதன் சிலைகளிலும் இதே கண்ணாமூச்சிதான். ஒருவர் பக்கத்திலிருந்து மற்றவர் தெரிவார், அந்தப் பக்கத்திலிருந்து இவர் தெரியமாட்டார்.

மந்திரம் ஒன்றுமில்லை. தூண் எங்கே இருக்கிறது, உருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533-ல் வரைந்த 'தூதர்கள்' என்ற படம் இருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்கள் டீக்காக நிற்கிறார்கள். காலடியில் என்னவோ கோணலாக ஒரு இழுப்பு. வலது ஓரத்துக்குப் போய்ப் பார்த்தால் அது மண்டை ஓடு! நிற்கிற இடத்தையும் சேர்த்துத்தான் கலைஞன் வேலை செய்கிறான்.

வந்தவர்கள் எல்லோரும் ராமர் தூண் பக்கம் நின்று எட்டிப்பார்த்து, "அட, ஆமா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதையே செய்தேன்.

"நல்லாத் தெரியுதுங்களா? சரி, இப்ப வாலிகிட்ட போய் நில்லுங்க" என்றார் மாஸ்டர்.

போனேன். "ஒண்ணும் தெரியலைங்க."

"அங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க. ஒண்ணும் தெரியலைங்கறதுதான் அந்த எடத்துச் சிற்பம்."

நின்றேன். ஒரு நிமிடம் சும்மா இருந்தது. இரண்டாவது நிமிடம் முதுகு கூசியது.

ராமர் மறைந்து நின்று அடித்தது சரியா தப்பா என்று எத்தனை பட்டிமன்றம் கேட்டிருப்போம்! இரண்டு பக்கமும் கைதட்டியிருப்போம். இந்தச் சிற்பி ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்ப்பும் சொல்லவில்லை. உன்னை அம்பு விடுகிறவன் இடத்தில் ஒருமுறை, அம்பு வாங்குகிறவன் இடத்தில் ஒருமுறை நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டான்.

வாலி அண்ணன், சுக்ரீவன் தம்பி. எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. ஓமலூரில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் குடியிருக்கிறார். என் பங்கு என்ன ஆச்சு என்று கேட்டேன், இழுத்தார். நேரில் உட்கார்ந்து பேச எனக்குத் தைரியமில்லை. சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, சத்தமில்லாமல் வக்கீல் நோட்டீஸ் விட்டேன். ரிஜிஸ்டர் தபால் போனபோது அண்ணன் பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கையெழுத்துப் போட்டு வாங்கி, கவரைப் பிரித்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாராம். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

என் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டு மதிப்பு, பாதிப் பங்கு, எட்டு வருஷ வாடகை எல்லாம் கணக்குப் பைசா பிசகாமல் இருந்தது. வாலி தூணடியில் நின்றபோதுதான் என் லெட்ஜரில் ஏறாத இனங்கள் ஞாபகம் வந்தன. அம்மாவின் கடைசி இரண்டு வருஷ ஆஸ்பத்திரி, அண்ணி கண்விழித்த ராத்திரிகள்... எந்த வவுச்சரும் இல்லாத செலவுகள்.

இனி நீங்கள்...

அடுத்த முறை எந்தக் கோயிலுக்கோ மியூசியத்துக்கோ போனாலும், பத்தாயிரம் சிலையையும் பார்க்கவேண்டாம். ஒன்றே ஒன்று போதும். பத்து நிமிடம் கொடுங்கள். பெயரை மறந்துவிட்டு இருப்பதை எண்ணுங்கள், பாதத்திலிருந்து மேலே போங்கள், எப்படிச் செய்தான் என்று கேளுங்கள், கடைசியாக இடம் மாறி நில்லுங்கள்.

தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். ஒரு உடம்பை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள், காளை தெரியும். கையை மாற்றினால் யானை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை இரண்டு காலில் நின்று கைதூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் யார் ஏமாந்துபோய் நிற்கிறார்கள் என்று நீங்களே குனிந்து பாருங்கள். 27 விநாடிக்காரர்கள் கண்ணில் அது படாது.

போன மாதம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தாரமங்கலம் வரைக்கும் வர்றியாண்ணா?" அந்தப் பக்கம் நீண்ட மௌனம். பிறகு டிவிஎஸ் வண்டியில் வந்தார். ஒன்றும் சொல்லாமல் வாலி தூணடியில் நிறுத்தினேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலையேடா."

"ஆமாண்ணா. அது... எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பசிக்குது. வா, தட்டுவடை செட்டு சாப்பிடலாம்" என்று நடந்தார்.

வீட்டு விவகாரம் முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் சண்டை நடக்கிறது.

ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து. நடுவில் தூண் கிடையாது!