வீட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை

அரூருக்குப் புகைவண்டி இல்லை. சென்னைக்கோ கோவைக்கோ செல்ல விரும்புவோர் அரைமணி நேரம் பேருந்தில் சென்று மொரப்பூரில்தான் வண்டி ஏறவேண்டும். அதனாலோ என்னவோ, நம் ஊர்ச் சிறுவர்க்குப் புகைவண்டி இன்னும் ஒரு வியப்பாகவே இருக்கின்றது. உறவினரை வழியனுப்ப மொரப்பூர் சென்று திரும்பும் பிள்ளை, அன்று மாலையே வெற்றுத் தீப்பெட்டிகளை நூலில் கோத்து வாசலில் இழுத்துக்கொண்டு ஓடுவதை நாம் பன்முறை கண்டு மகிழ்ந்ததுண்டு.

அதே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சிறு புகைவண்டி ஓடிய காலம் ஒன்று இருந்தது. பஞ்சக் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கும் நோக்குடன் இடப்பட்ட குறுகிய பாதைகளுள் அதுவும் ஒன்று. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி இரண்டரை அடி மட்டுமே. 1906-இல் தொடங்கிய அப்பாதை 1913-இல் ஓசூர் வரை நீட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் நாட்களில், 1941-இல், மூடப்பட்டது. அதில் பயணம் செய்தோர் இன்று நம்மிடையே மிக அரியர்.

அப்பாதையின் வரலாற்றை எழுதுவது நம் நோக்கமன்று. அத்தகைய பாதை ஒன்றைச் சிற்றளவில், ஒரு பலகையின்மீது, வீட்டுக்குள்ளேயே அமைத்து வண்டியும் ஓட்டலாம் என்பதையும், அவ்வாறு அமைக்கப் புகும் தந்தை தம் இல்லத்தாரோடு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையுமே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். முழுவதும் அப்படியன்று.

1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர்ச் சந்தையில் மெர்க்லின் நிறுவனத்தார், சாவி கொடுத்தால் ஓடும் வண்டியையும், அளவு வரையறுத்த தண்டவாளங்களையும் காட்சிக்கு வைத்தனர். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் பெயரிலேயே பொம்மை வண்டிகளை விற்கத் தொடங்கினார். நம் நாட்டில் இக்கலையின் சிறப்பைக் காண விரும்புவோர் புனே நகரின் கோத்ருட் பகுதிக்குச் செல்லவேண்டும். பாவு ஜோஷி என்ற பெரியவர் தம் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாக அமைத்த சிறு புகைவண்டிக் காட்சியகம் 1998 முதல் அங்குள்ளது. நீராவி வண்டி, விரைவு வண்டி, மலையேறும் வண்டி, மேலிருந்து தொங்கியவாறே ஓடும் வண்டி என அனைத்தும் ஒரு சிறு நகரைச் சுற்றி ஓடுகின்றன. கைகாட்டிகளும் விளக்குகளும் உரிய நேரத்தில் தாமாகவே மாறுகின்றன. அவர் மறைந்த பின்னரும் அவருடைய குடும்பத்தார் அதனைப் பேணி நடத்தி வந்தனர். இதனை நாம் குறிப்பிடக் காரணம் உண்டு. தந்தையின் ஆசை தந்தையோடு முடிந்துபோகும் வீடுகளே உலகில் மிகுதி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முதலில் சிறிது கணக்குப் பார்க்கவேண்டும். உலகில் பெரிதும் வழங்கும் அளவு 87-இல் ஒரு பங்கு. நம் நாட்டுப் பழைய நீலநிறப் பயணப் பெட்டி ஏறக்குறைய 22 மீட்டர் நீளமுடையது. இவ்வளவில் அது 25 சென்டிமீட்டராகும். இருபது பெட்டிகள் கொண்ட விரைவு வண்டியைச் செய்தால் ஐந்து மீட்டர் வேண்டும். கூடமே போதாது, வண்டியின் தலை அடுக்களையிலும் வால் வாசற்படியிலும் நிற்கும். ஆதலின் பெரிய வண்டியை விரும்புவோர் முதல் மாதத்திலேயே மனம் சலித்துக் கைவிடுகின்றனர்.

நம் மாவட்டத்தின் பழைய சிறு பாதையோ வீட்டுக்கென்றே அளந்து வைத்தாற்போல் உள்ளது. இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர், 87-இல் ஒரு பங்காக 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகிறது. இதனினும் சிறிய 160-இல் ஒரு பங்கு வண்டிகளுக்கென விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் சரியாக 9 மில்லிமீட்டர்! அச்சிறு தண்டவாளத்தையும் அதில் ஓடும் சிறு எஞ்சினின் அடிப்பாகத்தையும் வாங்கி, மேற்கூட்டை மட்டும் 87-இல் ஒரு பங்கு அளவில் அட்டையால் நாமே செய்து பொருத்தினால் மொரப்பூர்–தருமபுரி வண்டி தயார். அதன் வளைவுகளும் மிகச் சிறியவை; ஒன்பது அங்குல ஆரத்தில் வண்டி திரும்பிவிடும். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பிளைவுட் பலகை போதும். ஆட்டம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பாதை முழுவதையும் அளவு பிசகாமல் அமைப்பேன் என்று எவரும் பிடிவாதம் பிடிக்கலாகாது. தருமபுரி வரையுள்ள சுமார் 29 கிலோமீட்டர், இவ்வளவிலும் 333 மீட்டர் ஆகும்! ஒரு நிலையம், ஒரு பாலம், ஒரு குன்று, இவையே நிறைவு தரும்.

அகலப்பாதை வண்டிதான் வேண்டும் என்பார்க்கு ஒரு செய்தி. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். மேல்நாட்டாரின் பொதுப்பாதை அதனினும் குறுகியது; 87-இல் ஒரு பங்குக்கு அவர்கள் விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். நம் பாதைக்கோ 19-க்கு மேல் வேண்டும். அந்த இரண்டேமுக்கால் மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்பவரே இந்தியாவில் இக்கலையில் மகிழ்ச்சியடைய முடியும்.

குன்றும் மரமும் செய்ய யாரிடம் கற்பது? கிறிஸ்தவ இல்லத்தார் இதனை வெளியில் சென்று கற்கவேண்டியதில்லை. 1223-இல் கிரேச்சோ ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் மாட்டுத் தொழுவக் காட்சியை அமைத்தார். அன்று தொடங்கிய வழக்கம் நம் வீடுகளில் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடிலாகத் தொடர்கின்றது. கசக்கிய காகிதத்தை மைதாப் பசையில் தோய்த்துக் குன்றாக்கவும், மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்வெளியாக்கவும், கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளமாக்கவும் நம் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இரயிலுக்கு வேண்டிய நிலக்காட்சியும் அதே கைவேலைதான். நம் அண்டை வீட்டு இந்து அன்பர்கள் நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் பூங்காவும் பொம்மை இரயிலும் வைத்து அழகு பார்ப்பதையும் நாம் அறிவோம். குடிலில் கேழ்வரகை முளைக்கவிட்டுப் பச்சைப் பயிர் காட்டும் வழக்கம் மட்டும் இங்கு ஆகாது. ஈரம் தண்டவாளத்துக்குப் பகை.

மின்சாரம் பற்றி இரண்டொரு சொல். இவ்வண்டிகள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. குழந்தை தண்டவாளத்தைத் தொட்டால் தீங்கில்லை. ஆனால் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 ஆக்கும் கருவியை நல்ல கடையில் வாங்கவேண்டுமேயன்றி வீட்டில் செய்துபார்க்கலாகாது. ஒரு தண்டவாளம் மின்னோட்டத்தைக் கொண்டுவர, மற்றொன்று கொண்டுபோகும். இரண்டையும் மாற்றி இணைத்தால் வண்டி பின்னோக்கி ஓடும். இங்கே புதியவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. வண்டி வந்த வழியே திரும்பிச் செல்லட்டும் என்று பாதையை வளைத்து அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தால், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு முட்டி மின்சுற்று குறுக்கிட்டு எல்லாம் நின்றுபோகும். வளைவின் இரு முனையிலும் தண்டவாளத்தைச் சிறிது அறுத்து இடைவெளி விட்டு, அப்பகுதிக்குத் தனி மாற்று சுவிட்சு வைக்கவேண்டும். தொடக்கத்தில் வெறும் நீள்வட்டமே போதும் என்பது நம் கருத்து. தூசி படிந்தால் வண்டி தயங்கித் தயங்கி ஓடும். ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைக்கும் வேலையை வீட்டின் இளைய பிள்ளைக்குக் கொடுத்துவிடுக. அவன் அதனை ஒரு பதவியாகவே கருதுவான்.

செலவையும் மறைக்க விரும்பவில்லை. தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. நல்ல எஞ்சின் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் ஆகும். சீட்டுப் பணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் தொட்டு வாங்கும் எஞ்சின் எவ்வளவு அழகாக ஓடினாலும் மனைவியின் கண்ணுக்கு அழகாய்த் தோன்றாது. தோன்றவேண்டும் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று. வாங்குவது இன்னதென்றும் விலை இவ்வளவென்றும் முன்னதாக அவரிடம் சொல்லிவிடுவதே முறை. பலகைக்கு உரிய இடத்தையும் அவரே தீர்மானிக்கட்டும்.

இதனினும் கடுமையான தீங்கு ஒன்றுண்டு. "தொடாதே!" என்னும் சொல்லே அது. பிள்ளைக்கென்று தொடங்கிய விளையாட்டு, நாளடைவில் தந்தையின் தனியுடைமையாகி, பிள்ளை இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் பொருளாகிவிடுகிறது. கதவு சாத்திய அறையில் தந்தை கம்பிகளோடு பேசிக்கொண்டிருப்பார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்ப வாழ்வு பற்றி விடுத்த 'ஃபமிலியாரிஸ் கொன்சோர்த்சியோ' என்னும் ஏடு, தந்தை உடனில்லாமை குடும்பத்தின் சமநிலையைக் குலைக்கும் என்று அதன் 25-ஆம் எண்ணில் எச்சரிக்கின்றது. வீட்டுக்குள் இருந்துகொண்டே உடனில்லாதிருப்பதும் இயலும் அன்றோ?

மாறாக, இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபைக் குரு வில்பர்ட் ஆட்ரி என்பாரைப் பாருங்கள். அச்சபையில் குருக்கள் மணம் புரிவதுண்டு. ஆகவே இல்லறத்தின் இடர்கள் நம்மினும் அவருக்கு நன்கு தெரிந்திருக்கும். 1943-இல் அவர் மகன் கிறிஸ்டபர் தட்டம்மையால் படுக்கையில் கிடந்தபோது, தந்தை புகைவண்டி எஞ்சின்கள் பேசுவதாகக் கதைகள் சொன்னார். மனைவியின் தூண்டுதலால் அவை 1945-இல் நூலாயின. துடைப்பக் கட்டைத் துண்டைக் கொண்டு மகனுக்கு அவர் செய்துகொடுத்த எஞ்சினே பின்னர் 'தாமஸ்' என உலகக் குழந்தைகள் அனைவரும் அறிந்த எஞ்சின் ஆயிற்று. அம்மகன் வளர்ந்து தாமும் அவ்வரிசையில் நூல்கள் எழுதினார்.

அதே சபையைச் சேர்ந்த பீட்டர் டென்னி என்ற குரு, பக்கிங்காம் என்னும் சிற்றூர்ப் பாதையைத் தம் வீட்டில் அமைத்தவர். எஞ்சின், பெட்டி, வீடு என யாவும் அவர் கைப்படச் செய்தவை. கால அட்டவணைப்படி வண்டிகள் ஓடின. ஒரு நிலையத்தார் மணியடித்துக் கேட்க, அடுத்த நிலையத்தார் மணியடித்து விடை கூறவேண்டும். நிலையம் ஒன்றைக் கவனித்துவந்தவர் மகன் கிறிஸ்பின். பிள்ளைகள் என்றும் பிள்ளைகளாகவே இருப்பதில்லையே! மகன் எப்போதும் உடனிருக்க இயலாத நிலையில், அவ்விடத்தில் இருந்து மணிக்கு விடை சொல்லவும் வண்டிகளை அனுப்பவும் டென்னி ஒரு பொறியைச் செய்தார். அப்பொறிக்கு அவர் இட்ட பெயர் 'தானியங்கிக் கிறிஸ்பின்'. இக்கலையில் ஈடுபட்டோர் அதனை ஒரு வேடிக்கையாகவே நினைவுகூர்வர். எமக்கு அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சம் சிறிது கனக்கின்றது.

நம் பகுதியில் பிள்ளைகளுக்கு முன் தந்தையரே வெளியூர் செல்கின்றனர். ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை. சனி இரவு வருகை, ஞாயிறு இரவு புறப்பாடு. ஞாயிறு திருப்பலிக்கும் பேருந்துக்கும் இடையில் எஞ்சுவது சில மணி நேரம். அதையும் ஒரு பலகைக்குக் கொடுப்பதா என்று தாய்மார் கேட்டால் அக்கேள்வியில் நியாயமுண்டு. ஆயினும், அத்தந்தை வாரநாளில் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? "நன்றாகப் படிக்கிறாயா?" "படிக்கிறேன் அப்பா." "அம்மா சொல்வதைக் கேட்கிறாயா?" "கேட்கிறேன் அப்பா." அவ்வளவே. நடுவில் ஒரு பலகை இருக்குமாயின், குன்று காய்ந்ததா, நிலையத்துக்கு என்ன வண்ணம் பூசினாய், பாட்டி தைத்த போர்ட்டர் பொம்மைக்குச் சிவப்புச் சட்டை பொருந்திற்றா என்று கேட்க ஆயிரம் இருக்கும். வாரநாளில் செய்யக்கூடியவற்றை, காகிதம் ஒட்டுதல், மரம் செய்தல், அட்டை வெட்டுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, ஈயப்பற்று வைக்கும் வேலையை மட்டும் தந்தை ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். பெண்மக்களை நிலைய அதிகாரியாக்குவதில் தயக்கம் வேண்டா. அட்டவணை எழுதுவதில் அவர்களே வல்லவர்கள். அவ்வட்டவணையில் கடைசி வண்டி, குடும்பச் செபமாலைக்குக் கால்மணி முன்னதாகவே நிலையம் சேருமாறு எழுதிக்கொள்வது நன்று.

வரும் சனவரியில் மூவரசர் திருவிழா முடிந்து குடிலைப் பிரிக்கும்போது பலகையைப் பரணில் ஏற்றவேண்டா. குன்றையும் அப்படியே விட்டுவைக்கலாம். அவ்வாண்டுக்கு ஒரு நீள்வட்டத் தண்டவாளம், ஓர் எஞ்சின், ஒரு மின்கருவி, இம்மூன்றும் போதும். பெட்டிகளை அட்டையில் செய்துகொள்ளலாம். நிலையத்தின் பெயர்ப்பலகையை வீட்டிலேயே கையெழுத்து நன்றாயுள்ளவர் எழுதட்டும். மொரப்பூர் என்றே எழுதவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் அரூர் என்று எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும்.