கார்ச் சாவியின் பூட்டு யார் கையில்?

இன்றைய கார்ச் சாவிகள் பெரும்பாலானவற்றின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதன் ரகசியக் குறியீட்டை வண்டியிலுள்ள இம்மொபிலைசர் என்ற மின்னணுப் பூட்டு சரிபார்த்து ஒப்புக்கொண்டால்தான், எஞ்சினை ஆளும் கணினியான ஈசிஎம் வண்டியை ஓட விடும். திருடனைத் தடுக்கும் இந்த ஏற்பாடே, பழுது பார்க்கும் நேரத்தில் உரிமையாளரையும் மறிக்கிறது. ஈசிஎம்மை மாற்றினாலோ சாவிகள் எல்லாம் தொலைந்தாலோ, புதியதை வாங்கினால் மட்டும் போதாது. பல கார்களில் புரோகிராமிங்கும் செய்தாக வேண்டும். அதற்கான மென்பொருளும் ரகசிய பின் நம்பரும் கம்பெனியிடமே முடங்கிக் கிடந்தால், தன் காரை எங்கே பழுது பார்ப்பது என்று முடிவெடுக்கும் உரிமை உரிமையாளர் கையை விட்டுப் போய்விடுகிறது.

அந்த உரிமைக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார்கள் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடு செய்த மூன்று நிறுவனங்களின் வழக்கில் 2016-இல் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தாலும், அவை செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

ரகசிய எண்களை வெளியே விட்டால் திருட்டு பெருகாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். பழுதறியும் கருவியை இணைப்பதற்கான ஓபிடி போர்ட்டில் வேறு கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிந்து காரைக் கடத்துவோர் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில், பின்னணி விசாரித்துப் பதிவு செய்யப்பட்ட பூட்டுத் தொழிலாளர்கள் கார் கம்பெனிகளின் சாவிக் குறியீடுகளை முறைப்படி பெறுகிறார்கள். கேட்பவர் யார், வண்டி யாருடையது என்று சரிபார்த்தால் பாதுகாப்பும் இருக்கும், உரிமையும் இருக்கும். எல்லோருக்கும் கதவடைப்பது அதற்கு வழியல்ல.

உரிமை கேட்பவருக்குக் கவனமும் வேண்டும். ஒரு சாவி தொலைந்ததுமே, மற்றது கையில் இருக்கும்போதே மாற்றுச் சாவி செய்துகொள்ளுங்கள்; செலவு குறையும். பழைய கார் வாங்கினால், முந்தைய சாவிகளின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். பழைய ஈசிஎம் வாங்குமுன், அது உங்கள் வண்டியோடு பொருந்துமா என்பதை எழுத்தில் கேளுங்கள். புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் கணினியே பழுதாகலாம். நிலையான மின்சாரம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பாகத்தின் விலையையும் புரோகிராமிங் கட்டணத்தையும் தனித்தனியே காட்டும் பில் வாங்குங்கள். காரணமின்றிப் புரோகிராமிங் செய்ய மறுத்தாலோ வேலையில் குறை இருந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். அங்கே முதல் சாட்சி அதுதான்.