மலை யாருடையது? ஜவ்வாது மலையும் ஐந்தாவது அட்டவணையும்

ஜவ்வாது மலைக்கு உங்கள்ல பல பேர் பைக்ல போயிருப்பீங்க. பீமன் அருவி, காவலூர் வானாய்வகம், ஜமுனாமரத்தூர்ல வாங்கின தேன், சாமை. இன்னைக்கு எபிசோடு சுற்றுலா பற்றி இல்ல. அந்த மலையைப் பற்றி முடிவெடுக்கிறது யாருன்னு பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம். அங்க பெரும்பாலும் வாழுறவங்க மலையாளி பழங்குடியினர். கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, பேசுறது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்தவங்கன்னு வழிவழியா ஒரு கதை சொல்றாங்க. திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு ஊர்ப் பெயர்லயே 'நாடு' இருக்கு.

ஆனா காட்டோட கதை வேற. 1882-ல வந்த சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்க வழி செஞ்சது. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர் போன இடம். அந்த மரம் அரசோட கட்டுப்பாட்டுல, திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்குப் போச்சு. மரத்துக்குப் பக்கத்துல வாழ்ந்தவங்களுக்கு அதுல உரிமை இல்ல.

இப்போ அரசியலமைப்புக்கு வருவோம். பழங்குடிகள் நிறைய வாழுற பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தர்றது ஐந்தாவது அட்டவணை. அந்தப் பகுதிகள்ல 1996-ல வந்த பெசா சட்டம் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தருது. இப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள் 10 மாநிலங்கள்ல இருக்கு. தமிழ்நாட்டுல ஒண்ணுகூட இல்ல. இங்க பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும்தான் இருக்கு. அதாவது, ஜவ்வாது மலைக்காரர் 'பழங்குடி'ன்னு சாதிச் சான்றிதழ் வாங்கலாம். ஆனா அவர் நிக்கிற மண்ணுக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

இதனால என்ன ஆகுதுன்னு கேக்கலாம். 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காடு. செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதுல தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தாங்க. தற்காப்புக்காகச் சுட்டோம்னு காவல்துறை சொன்னது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏத்துக்கல. செத்தவங்கள்ல பல பேர் ஜவ்வாது மலைக்காரங்க. விலை உயர்ந்த மரம் வளர்ற மலையில பிறந்தவங்க, கூலிக்காக இன்னொரு மலைக்கு மரம் வெட்டப் போய் உயிரை விட்டாங்க.

அப்போ வழியே இல்லையா? ஒண்ணு இருக்கு: 2006 வன உரிமைச் சட்டம். இதுக்கு ஐந்தாவது அட்டவணை தேவையில்ல, நாடு முழுக்கச் செல்லும். உழுற நிலத்துக்குத் தனிநபர் பட்டா மட்டுமில்ல. ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்த, பாதுகாக்க, நிர்வகிக்கச் சமூக உரிமையும் தருது. தேன், கிழங்கு, மூலிகை மாதிரி சிறு வனப் பொருட்களைச் சேகரிச்சு விக்கலாம். சந்தனம் இதுல வராது, ஏன்னா அது மரம். உரிமை கோரும் மனுவை முதல்ல பரிசீலிக்கிறது கிராம சபை.

ஒடிசாவின் நியம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வேணுமான்னு கிராம சபைகளைக் கேக்கச் சொல்லி 2013-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு தந்தது. அதோட முக்கியமான ஆதாரம் இதே சட்டம்தான். 12 கிராம சபைகளும் 'வேண்டாம்'னு சொன்னாங்க. சுரங்கம் வரல.

தமிழ்நாட்டுல இந்தச் சட்டம் தாமதமாத்தான் நகர்ந்தது. 2008-ல சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால பட்டா கொடுக்கிறது நின்னுபோச்சு. 2016-லதான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினது.

தன்னாட்சின்னா தனிக்கொடி, தனி எல்லைன்னு நினைக்க வேண்டாம். நம்ம ஊர்க் காட்டைப் பற்றி நம்ம ஊர் கூடிப் பேசி எடுக்கிற முடிவு செல்லுமாங்கிறதுதான் கேள்வி. அடுத்த தடவை ஜமுனாமரத்தூர்ல தேன் வாங்கும்போது, விக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: "உங்க ஊருக்குச் சமூக வன உரிமை வந்துடுச்சா?" கிடைக்கிற பதிலை எங்களுக்கும் எழுதுங்க.