தோவாளைப் பூவும் கிராமச் சுற்றுலாவும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிறது தோவாளை. பொழுது புலருமுன்பே இங்குப் பூச்சந்தை கூடிவிடும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேரளம் வரை செல்கின்றன. ஆனால், கன்னியாகுமரியை நாடிவரும் பயணிகளில் பெரும்பாலோர் இவ்வூரைக் கடந்தே போய்விடுகின்றனர்.

தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை, சிவப்பு அரளிப் பூக்களை மடித்து, நொச்சி இலை சேர்த்து, நாரில் பாய்போலத் தட்டையாகக் கட்டப்படும் மாலை இது. மணி பதித்தாற்போலத் தோன்றும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைத்த இக்குறியீடு மாலையின் பெயரைக் காக்கும். பூவை வாடாமல் காக்காது. காஞ்சிப் பட்டையும் பத்தமடைப் பாயையும் எந்த ஊருக்கும் அனுப்பலாம். மாலையோ விரைவில் வாடிவிடும். ஆகவே, மாலை வெளியூர் போவதைவிட, அதைக் காண மக்கள் இங்கு வருவதே கைவினைஞருக்கு நல்வழி.

இதில் அரசின் பங்கு என்ன? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கிராமச் சுற்றுலாத் திட்டத்தில் நம் மாநிலத்தின் கழுகுமலையும் காரைக்குடியும் இடம்பெற்றன. அத்திட்டத்தில் ஓர் ஊரின் கட்டமைப்புக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், மக்களுக்குப் பயிற்சியளிக்க 20 லட்சம் ரூபாய் வரையும் வழங்க வழியிருந்தது. கேரளத்தின் கும்பளங்கியிலோ கயிறு திரித்தலும் மீன்பிடித்தலுமே காட்சிகள். ஊரார் தம் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்க வைக்கின்றனர். கட்டடம் மட்டும் சுற்றுலாவாகாது, ஊராரின் தொழிலே அதன் உயிர் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

தோவாளைக்கு வேண்டியவை பெரியனவல்ல. வியாபாரத்துக்கு இடையூறில்லாத வண்டி நிறுத்துமிடம், தூய கழிப்பறை, கழிவுப் பூவை உரமாக்கும் குழிகள், மாலை கட்டுவதைக் காட்டவும் கற்பிக்கவும் ஒரு கூடம் ஆகியவை போதும். கூடத்தின் கட்டணம் இடைத்தரகரின்றிக் கட்டுவோர் கைக்கே சேர வேண்டும். சந்தை உழைப்போரின் இடமாதலால், ஒரு நாளில் எத்தனை பேரை அனுமதிப்பது என்பதை ஊராட்சியே முடிவு செய்யட்டும்.

பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் பாடப்புத்தகங்கள் நார் பிடித்துத் தழும்பேறிய விரல்கள் வாங்கித் தந்தவை. அந்த விரல்களின் வித்தையை அடுத்த தலைமுறை விரும்பிக் கற்க வேண்டுமானால், அதில் சோறும் மதிப்பும் இருத்தல் வேண்டும். குறியீடு மதிப்பைத் தந்துவிட்டது. சோற்றுக்கு வழிசெய்வது அரசின் கடமை. துணை நிற்பது படித்த நம் கடமை.