கசந்த பாலும் கற்ற பாடமும்

நோன்பு காலம் வந்துவிட்டால் நமது வீடுகளில் கஞ்சிக்கு அடுத்தபடியாக இடம்பிடிப்பது குளிர்பானம்தான். பழத்தைப் பாலுடன் அடித்து, கடற்பாசியும் கசகசாவும் சேர்த்துப் பருகினால் பகல் முழுவதும் பட்ட களைப்பு பறந்துவிடும். அது பானமாகவும் இருக்கும், கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் இனிப்பாகவும் இருக்கும். அதனை வீட்டிலேயே செய்வது எவ்வாறு என்று எழுதப் புகுமுன், நான் அதைக் கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், செய்முறையை நான் கற்றுக்கொண்டது அந்தத் தவறிலிருந்துதான்.

2022ஆம் ஆண்டு நோன்பு காலம். நாட்டில் பால்மாத் தட்டுப்பாடு நிலவியது, மின்வெட்டும் இருந்தது. அப்போது நான் தரம் 9இல் கற்றுக்கொண்டிருந்தேன். வாப்பா வரிசையில் நின்று ஒரு 400 கிராம் பால்மாப் பக்கெட் வாங்கி வந்திருந்தார். அன்று மூத்தம்மாவும் எங்களுடன் நோன்பு திறக்க வந்திருந்தார். அவருக்கு அன்னாசி என்றால் உயிர். அன்னாசி மில்க் ஷேக் செய்து அனைவரையும் அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பின்னேரம் மின்சாரம் நின்றுவிடும் என்பதால், பகல் இரண்டு மணிக்கே பச்சை அன்னாசியையும் பாலையும் பிளெண்டரில் அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் மின்சாரமும் போய்விட்டது.

மஃரிப் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் உண்டு, தண்ணீர் குடித்துவிட்டு எல்லோரும் கிளாஸைக் கையில் எடுத்தார்கள். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

“ராத்தா, இது கைக்குது!”

நானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். வேப்பிலையை அரைத்துக் கலந்ததுபோல ஒரே கசப்பு. உம்மாவின் முகம் வாடியது. அத்தனை சிரமப்பட்டு வாங்கிய பால்மாவில் பாதி அதில்தான் போயிருந்தது. மூத்தம்மா மட்டும், “கைச்சா என்ன, என்ட புள்ள ஆசைக்குச் செஞ்சது” என்று சொல்லிக்கொண்டே கிளாஸை வெறுமையாக்கினார். அவர் குடிக்கக் குடிக்க எனக்குக் கண்கள் கலங்கின.

பால்மா பழுதாகியிருக்க வேண்டும் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால், மறுநாள் அதே பக்கெட்டிலிருந்து எடுத்த பால்மாவில் வாழைப்பழம் சேர்த்து அடித்தபோது அது இனிப்பாகவே இருந்தது. அப்படியானால் குற்றம் பாலில் இல்லை. பின் எதில்?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு உயர்தர வகுப்புவரை செல்லவேண்டியிருந்தது. உயிரியல் பாடத்தில் நொதியங்களைப் பற்றிக் கற்றபோதுதான் விளங்கியது. அன்னாசியில் புரோமிலெயின் என்னும் நொதியம் இருக்கிறது. புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டுவதே அதன் வேலை. பாலிலுள்ள முக்கிய புரதம் கேசீன். புரோமிலெயின் அதனை வெட்டும்போது சிறிய பெப்டைட்டுகள் உருவாகின்றன. அவற்றுள் சில கசப்பானவை. நேரம் செல்லச் செல்லக் கசப்பும் கூடும். குளிர் இந்த வேலையைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மின்சாரம் இல்லாத பெட்டிக்குள் நான்கு மணிநேரத்துக்கு மேல் வைத்த எனது பானம் கசந்ததில் வியப்பென்ன?

பப்பாசியிலும் பப்பேயின் என்ற இதே வகை நொதியம் உண்டு. காயில் அதிகம், நன்கு பழுத்ததில் குறைவு. எனவே பப்பாசிப் பாலை அடித்த கையோடு குடித்துவிட வேண்டும். மாம்பழம், வாழைப்பழம், ஆனைக்கொய்யா ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

கசப்பு வேறு, திரிதல் வேறு என்பதையும் கவனியுங்கள். தேசிக்காய், கொடித்தோடை போன்ற புளிப்பானவற்றைப் பாலில் சேர்த்தால் அமிலத்தால் கேசீன் திரண்டு கட்டியாகும். பால் சூடாக இருந்தால் இன்னும் விரைவாகத் திரியும்.

நொதியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெப்பம் பட்டால் அதன் வடிவம் சிதைந்து செயலிழந்துவிடும். தகரத்தில் அடைத்த அன்னாசி பாலைக் கசக்கச் செய்யாததற்குக் காரணம், அது ஏற்கெனவே சூடாக்கப்பட்டிருப்பதுதான். இதனை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மூன்று சிறு கிளாஸ்களில் பால் எடுத்து, ஒன்றில் பச்சை அன்னாசியும், மற்றதில் அவித்து ஆறிய அன்னாசியும், மூன்றாவதில் வாழைப்பழமும் மசித்துக் கலந்து ஒரு மணிநேரம் வைத்தேன். பச்சை அன்னாசி சேர்த்தது மட்டுமே கசந்தது. நீங்களும் செய்து பாருங்கள்.

இனி செய்முறைக்கு வருவோம். இது நான்கு பேருக்குப் போதும்.

தேவையானவை: சிறு துண்டுகளாக வெட்டிய அன்னாசி ஒன்றரைக் கோப்பை, சீனி 2 மேசைக்கரண்டி, கறுவாப்பட்டை ஒரு துண்டு, பால்மா 75 கிராம், கொதித்தாறிய நீர் 600 மில்லிலீற்றர், கடற்பாசி 5 கிராம், கசகசா 2 தேக்கரண்டி.

முதலில் கடற்பாசியை ஊறவைத்து, 500 மில்லிலீற்றர் நீரில் முற்றாகக் கரையும்வரை கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றுங்கள். செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் இது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே உறைந்துவிடும். மின்வெட்டு நேரத்தில் இது பெரிய உதவி. ஜெலட்டின் ஒரு புரதம் என்பதால் பச்சை அன்னாசி பட்டால் உறையாது. கடற்பாசி புரதமல்ல, ஆகவே அந்தப் பயமும் இல்லை.

அடுத்து அன்னாசி, சீனி, கறுவா மூன்றையும் சிறிதளவு நீருடன் அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் ஐந்து நிமிடம் அவித்து இறக்குங்கள். கறுவாவை எடுத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு பாலில் கலந்தால் பால் திரிந்துவிடும்.

கசகசாவை ஒரு கோப்பை நீரில் கால் மணிநேரம் ஊறவிடுங்கள். நாம் கசகசா என்று சொல்லும் இந்தக் கறுப்பு விதை துளசி இனத்தைச் சேர்ந்தது. இந்தியச் சமையற் குறிப்புகளில் வரும் கசகசா வேறு.

பால்மாவை நீரில் கரைத்துக் குளிரவைத்து, நோன்பு திறப்பதற்குச் சற்று முன் அன்னாசியுடன் சேர்த்து அடியுங்கள். பிளெண்டர் இல்லையேல் மத்தால் கடைந்தாலும் போதும். கிளாஸில் கசகசா, கடற்பாசித் துண்டுகள் இட்டு, மேலே பாலை ஊற்றிப் பரிமாறுங்கள்.

சீனி குறைவாயிருக்கிறதே என்று எண்ண வேண்டாம். வெளியிலிருந்து சேர்க்கும் சீனி முதலியவற்றை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் கட்டுப்படுத்துமாறும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லதென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. டின்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ரோஸ் சிரப்பும் பெரும்பாலும் சீனியே. இந்த அளவில் ஒரு கிளாஸுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி சீனிதான் வரும். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால், பழத்திலும் பாலிலும் இயற்கையாகவே சீனி உண்டு என்பதை மறவாமல், அவர்களுக்குச் சிறிய கிளாஸில் கொடுங்கள்.

சென்ற நோன்பில் மூத்தம்மாவுக்கு இதனைச் செய்துகொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது கைக்கல்ல, மகள்.”

அன்று என் மனம் நோகக்கூடாதென்று அவர் கசப்பைக் குடித்தார். அந்தக் கடனில் ஒரு கிளாஸை அடைத்த நிம்மதி எனக்கு.