நீரில் மூழ்கிய ஊரும் என் தபால் அட்டைகளும்

தபால்தலை சேர்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் சேர்ப்பது பழைய படத் தபால் அட்டைகள். அதுவும் ஒரே ஊருடையவை: இங்கிலாந்தில் டெர்பிஷயரிலுள்ள டெர்வென்ட் கிராமம்.

ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களின் குடிநீருக்காக 1935இல் லேடிபவர் அணை கட்டத் தொடங்கினார்கள். 1945இல் நீர்த்தேக்கம் நிறைந்தபோது ஊர் உள்ளே போய்விட்டது. மாதாகோயில் கோபுரம் மட்டும் நீருக்கு மேலே நின்றது; 1947 டிசம்பரில் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய கல்பாலத்தைப் பிரித்தெடுத்து, பிற்பாடு ஆற்றின் மேற்பகுதியில் கட்டினார்கள். 1995, 2018 வறட்சிகளில் இடிபாடுகள் தலைகாட்டின. முழு ஊரைப் பார்க்க வேண்டுமானால் அட்டைகள்தான் கதி.

அட்டையின் வயதை எப்படி அறிவது? முதுகைப் பாருங்கள். முகவரிக்கு மட்டும் இடமிருந்தால், பெரும்பாலும் 1902க்கு முந்திய அச்சு. செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடிருந்தால் அதற்குப் பிந்தியது. உள்நாட்டு அட்டையில் அரைப் பென்னி தபால்தலை மட்டும் இருந்தால் 1918 ஜூனுக்கு முன் போனது. பிறகு கட்டணம் ஒரு பென்னி. தபால் முத்திரை தெளிவாக இருந்தால் அனுப்பிய தேதியே கிடைத்துவிடும்.

இது தெரியாத காலத்தில், எனக்குக் கிடைத்த முதல் அட்டையை வெந்நீரில் நனைத்துத் தபால்தலையை உரித்தேன். முத்திரையில் பாதி அதோடு போயிற்று. அந்த மாதாகோயில் படம் எந்த வருடத்தில் தபாலில் போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுப் பழைய கடிதங்களிலும் தபால்தலைக்காகக் கத்தரி வைக்காதீர்கள்!