குண்டுக் குழந்தைகள்: ரத்தம் சொல்லும் சேதி

எடை மெஷின் கண்டுபிடிக்காததை ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிடுகிறது. இந்தியச் சிறுவர்களின் இதயத்துக்கான ஆபத்து பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டுகிறது.

கொழுகொழு கன்னம், மடிப்பு விழுந்த தொடை. 'அமுல் பேபி' என்று கொஞ்சி, திருஷ்டி சுற்றிப் போட்டு, இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவது பல இந்திய வீடுகளின் வழக்கம். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்பது பாட்டிகளின் தீர்ப்பு. ஆனால் புள்ளிவிவரங்கள் வேறு திசையில் போகின்றன. 1990-ல் 5 முதல் 19 வயது வரையிலான இந்தியர்களில் மிதமிஞ்சிய பருமன் கொண்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். 2022-ல் இது சுமார் 1.25 கோடி என்று மதிப்பிடுகிறது, லான்செட் மருத்துவ இதழில் 2024-ல் வெளியான உலகளாவிய ஆய்வு.

டாக்டர்களின் கவலை கண்ணுக்குத் தெரியும் சதையோடு முடிந்துவிடவில்லை. மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெப்பும் 2016 முதல் 2018 வரை நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிறுவர்கள் பங்கேற்றனர். சுமார் 51,000 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. 5 முதல் 9 வயது வரை உள்ளவர்களில் எடை அதிகமாக இருந்தவர்கள் 4 சதவீதம்தான். ஆனால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 34 சதவீதத்தினருக்கு அதிகம். 26 சதவீதத்தினருக்கு 'நல்ல கொலஸ்ட்ரால்' குறைவு. பத்தில் ஒருவர் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றார். ட்ரைகிளிசரைடு பிரச்சினை மேற்கு வங்கத்தில் 67 சதவீதம். கேரளத்தில் 17 சதவீதம். அதாவது பார்ப்பதற்கு ஒல்லியாக இருக்கும் பிள்ளைகளிலும் பலர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். குண்டுக் குழந்தைகளுக்கோ ஆபத்து இன்னும் அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது இன்சுலினின் பேச்சை உடல் கேட்க மறுக்கிறது. கணையம் விடுவதில்லை; கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. இதனால் ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் சரியாகவே இருப்பதுபோலத் தெரியும். அதற்குள் கல்லீரல், மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடத் தொடங்கிவிடும். ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். சர்க்கரை அளவு கூடுவது பெரும்பாலும் கடைசி அத்தியாயம்.

ஆகவே குண்டான பிள்ளைக்குச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவது போதாது. கொழுப்பின் வகைகள், வெறும் வயிற்றில் சர்க்கரை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 9 வயது வரை 100 மில்லிகிராமையும், அதற்கு மேல் 130 மில்லிகிராமையும் தொட்டால் அதிகம். நல்ல கொலஸ்ட்ரால் 40-க்குக் கீழே போனால் குறைவு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையில் மட்டும் எச்சரிக்கை தேவை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தசோகை மலிந்த இந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

இந்தியக் குழந்தைகளுக்கு ஏன் இந்த நிலை? ஒரு பதில் புனேயிலிருந்து வந்தது. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993-ல் தொடங்கிய ஆய்வில், சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலுக்கடியிலான கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில் புனே குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் அதிகம்.

இன்னொரு பதில் டெல்லியிலிருந்து. அங்கு 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் பரிசோதித்தபோது, சுமார் 15 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ இருந்தது. இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு மளமளவென்று சதை போட்டவர்கள் இவர்கள். 12 வயதில் இவர்களில் ஒருவர்கூடக் குண்டு என்று சொல்லும்படி இல்லை!

வீட்டிலேயே கவனிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுவது ஒன்று. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை மற்றது. அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் தேய்த்துத் தேய்த்து ஓய்கிறார்கள். அது சோப்பில் போகாது. இன்சுலின் திணறுவதன் அறிகுறி.

இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியா, பின்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 38,589 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. சிறுவயதில் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ஆகியவை கூடுதலாக இருந்தவர்களுக்கு, பெரியவர்களான பின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

அரசும் விழித்துக்கொண்டிருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகளை வைக்கும்படி 2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சொன்னது. ஆனால் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதை எந்த ஆணையமும் வந்து பார்க்கப் போவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. இந்த வயதில் பெரும்பாலோருக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை. தினமும் ஒரு மணி நேர ஓட்டம், ஆட்டம், பாட்டில் பானத்துக்குப் பதில் மோர், மைதா பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், நேரத்தோடு தூக்கம். இவற்றிலேயே ட்ரைகிளிசரைடு இறங்கத் தொடங்கும். நான்கு நீண்டகால ஆய்வுகளில் 6,328 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான முடிவு, பெற்றோருக்கு ஆறுதல் தரும்: சிறுவயதில் குண்டாக இருந்து, வளர்ந்தபின் அதிலிருந்து மீண்டவர்களின் ஆபத்து, எப்போதுமே குண்டாக இல்லாதவர்களின் ஆபத்தை ஒத்திருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் இருந்தால், சரியாக்கிவிட முடியும்.